பங்கு என்னும் சொல்



அரியலூர் மாவட்டத்தில், கொள்ளிடத்தின் வடகரையில் அமைந்த சிற்றூர் ஏலாக்குறிச்சி. வீரமாமுனிவர் அங்கே தேவதாய்க்கு ஆலயம் எழுப்பினார். அன்னையை அடைக்கல மாதா என்றும், ஊரைத் திருக்காவலூர் என்றும் அழைத்தார். அவ்வூரின் பேரில் கலம்பகமும் பாடினார்.

அந்நாளில் குருக்கள் மிகச் சிலரே. ஊர்கள்தோறும் மறைக்கல்வி புகட்டியவர்களும், செபம் சொல்லுவித்தவர்களும், இறப்போர் அருகே நின்று தேற்றியவர்களும் வேதியர்களே. அவர்களுக்கென்றே முனிவர் 1727-ஆம் ஆண்டில் 'வேதியர் ஒழுக்கம்' என்னும் உரைநடை நூலை இயற்றினார். ஆகவே, ஆற்றங்கரைப் பங்குகளைக் குருக்கள் மட்டும் வளர்க்கவில்லை. பொதுநிலையினரின் உழைப்பும் அவற்றை வளர்த்தது.

பங்கு என்றாலே பாகம், உரிமை என்பது பொருள். ஆலயத்திலும், திருவிழாவிலும், கல்லறைத் தோட்டத்திலும் ஒவ்வொருவருக்கும் சமமான பாகம் உண்டு என்பதை அச்சொல்லே உணர்த்துகிறது. ஆயினும், தமிழகத்துப் பங்குகள் சிலவற்றில் இறந்தோரையும் சாதி பார்த்துத் தனித்தனியே அடக்கம் செய்யும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. ஒரே திருமுழுக்குப் பெற்றவர்களுக்கு இரு கல்லறைத் தோட்டங்களா? அன்னையிடம் அடைக்கலம் வேண்டிவிட்டு, அயலானுக்கு ஆறடி மண்ணை மறுப்பது எவ்வகைப் பக்தி?

வரும் கல்லறைத் திருநாளுக்கு முன், உங்கள் பங்குப் பேரவையில் இதைப் பேசுங்கள். பிரிக்கும் சுவர் உங்கள் தோட்டத்தில் இருக்குமாயின், கல்லறைகளுக்கு வெள்ளையடிக்கும் முன்னர் அச்சுவரை அகற்றுங்கள். மரித்த விசுவாசிகளுக்கு நாம் செலுத்தும் முதல் மரியாதை அதுவே.