1,500 மணி நேரம் பறந்தால் போதுமா?

வீட்டுக் கம்ப்யூட்டரில் ப்ளைட் சிமுலேட்டர் ஓட்டிப் பார்த்தவர்களுக்கு ‘ஸ்டால்’ புதிதல்ல. விமானத்தின் மூக்கை அளவுக்கு மீறி உயர்த்தினால் இறக்கையின் மேல் காற்று சீராகப் பாயாது. விமானம் கீழே விழத் தொடங்கும். மீள்வதற்கு முதலில் மூக்கைத் தாழ்த்த வேண்டும். பயந்த கையோ கண்ட்ரோலைத் தன் பக்கம் இழுக்கத்தான் பார்க்கும்.

2009 பிப்ரவரி 12ல் அமெரிக்காவின் பபலோ நகர் அருகே கோல்கன் ஏர் விமானம் விழுந்ததும் இப்படித்தான். ஸ்டால் எச்சரிக்கை வந்ததும் கேப்டன் கண்ட்ரோலை இழுத்தார். விமானத்தில் இருந்த 49 பேரும், தரையில் ஒருவரும் இறந்தனர்.

இதையடுத்து அமெரிக்கா 2010ல் சட்டம் கொண்டு வந்தது. அதுவரை துணை விமானியாகச் சேர 250 மணி நேரம் பறந்திருந்தால் போதும். 2013 முதல் அது 1,500 மணி நேரம் ஆனது. ராணுவ விமானிகள் போன்ற சிலருக்கு மட்டும் சலுகை உண்டு.

வேடிக்கை என்னவென்றால், விபத்தில் இறந்த கேப்டன் 3,379 மணி நேரமும் துணை விமானி 2,244 மணி நேரமும் பறந்தவர்கள். புதிய சட்டம் அன்றே இருந்திருந்தாலும் இருவரையும் தடுத்திருக்காது!

அதே ஆண்டு ஜூன் 1ல் ஏர் பிரான்ஸ் 447 அட்லாண்டிக் கடலில் விழுந்து 228 பேர் இறந்தனர். வேகத்தை அளக்கும் குழாய்களில் பனி அடைத்ததால் ஆட்டோ பைலட் விலகிக் கொண்டது. விமானத்தை ஓட்டியவர் 2,900 மணி நேரத்துக்கு மேல் பறந்தவர். அவரும் மூக்கை உயர்த்தினார்.

பதிவேட்டு மணிக்கணக்கு மட்டும் இருந்தால் அது ஏட்டுச் சுரைக்காய்தான். சிறிய விமானத்தில் தெளிந்த வானில் சுற்றிச் சுற்றி வந்தாலும் கணக்கு ஏறும். ஆபத்தில் கை என்ன செய்ய வேண்டும் என்பதை அது கற்றுத் தராது.

சிமுலேட்டர் கற்றுத் தரும். ஆனால் அதன் சாப்ட்வேரில் டேட்டா இருக்க வேண்டும். முன்பு முழு ஸ்டாலுக்கான டேட்டா பல சிமுலேட்டர்களில் இல்லை. எச்சரிக்கை வந்த உடனே மீள்வதோடு பயிற்சி முடிந்து விடும். 2019 மார்ச் முதல் அமெரிக்காவில் முழு ஸ்டாலில் இருந்து மீளும் சிமுலேட்டர் பயிற்சி கட்டாயம். என்னைக் கேட்டால், உயிர் காக்கும் மாற்றம் இதுதான்.

2009க்குப் பிறகு 2025 ஜனவரி வரை அமெரிக்கப் பயணிகள் விமானம் எதுவும் இப்படி விழுந்து பலரைப் பலி கொள்ளவில்லையே என்று 1,500 மணி நேர விதியை ஆதரிப்பவர்கள் கேட்பார்கள். உண்மைதான். ஆனால் அதே காலத்தில் பயிற்சி முறையும், விமானிகளின் ஓய்வு நேர விதிகளும் மாறின. பெருமை முழுவதையும் மணிக்கணக்குக்கே கொடுப்பது நியாயமில்லை.

குறைந்தபட்ச மணி நேரம் என்று ஒன்று இருக்கட்டும். ஆனால் விமானியிடம் கேட்க வேண்டியது, “எத்தனை மணி நேரம் பறந்தீர்கள்?” என்பதல்ல, “விழும் விமானத்தை எத்தனை முறை மீட்டுப் பழகினீர்கள்?” என்பதே.