ஒரு ரயில்... ஒரு இடம்... ஒரு நாள்! குட்டீஸோடு சென்னையைச் சுற்ற ஈஸி பிளான்

பள்ளிக்கு லீவு விட்ட இரண்டாவது நாளே எல்லா வீடுகளிலும் அந்தக் கேள்வி வந்துவிடும். ``அம்மா, எங்க போறோம்?'' கார் இருக்கிற வீட்டில் பதில் சுலபம். இல்லாத வீட்டில், நான்கு பேர் ஆட்டோவில் போய்த் திரும்பும் செலவை நினைத்தே பாதி பிளான் கேன்சல் ஆகிவிடும்.

சென்னையில் அந்தக் கணக்கை மாற்றிப்போடுவது ரயில்தான். புறநகர் ரயிலில் சாதாரண டிக்கெட் 5 ரூபாயிலிருந்து தொடங்குகிறது. 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு டிக்கெட்டே வேண்டாம். 5 முதல் 12 வயதுக்குள் என்றால், குறைந்தபட்சக் கட்டணத்துக்கு உட்பட்டு அரை டிக்கெட். மெட்ரோவில் வயதுக்குப் பதில் உயரக் கணக்கு. பெரியவரோடு வரும் 90 செ.மீ.க்குக் குறைவான குழந்தைக்கு இலவசம்.

ஆக, பணம் பெரிய பிரச்னை இல்லை. பெரியவர்கள் போடும் லிஸ்ட்தான் பிரச்னை. காலையில் மியூசியம், மதியம் பாம்புப் பண்ணை, சாயங்காலம் மெரினா என்று பிளான் பண்ணுவார்கள். மதியம் மூன்று மணிக்குக் குட்டி அழ ஆரம்பிக்கும், பெரியவள் ``கால் வலிக்குது'' என்பாள், அப்பாவுக்குக் கோபம் வரும். சந்தோஷமாகக் கிளம்பிய நாள், திட்டு வாங்கிய நாளாக முடியும். சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு ஒரு நாளுக்கு ஒரு இடம் போதும். மீதியை ரயில் பார்த்துக்கொள்ளும்.

ரயிலே பாதி வேடிக்கை

பெரியவர்களுக்கு ரயில் என்பது போய்ச் சேரும் வழி. நான்கு வயதுக் குழந்தைக்கோ அதுதான் சுற்றுலாவே.

கடற்கரை – வேளச்சேரி பறக்கும் ரயிலை எடுத்துக்கொள்ளுங்கள். 1995-ல் சேப்பாக்கம் வரை ஓடத் தொடங்கி, 2007-ல் வேளச்சேரியைத் தொட்ட பாதை இது. உயரத்தில் போவதால் ஊரே கீழே விரியும். சேப்பாக்கத்தில் கிரிக்கெட் ஸ்டேடியம் பக்கத்திலேயே தெரியும். கிரீன்வேஸ் சாலைக்கும் கோட்டூர்புரத்துக்கும் இடையில் அடையாற்றை ரயில் கடக்கும். ``ஆறு எப்ப வரும்?'' என்று காத்திருக்க வைத்தாலே குழந்தை ஜன்னலை விட்டு நகராது.

தாம்பரம் பாதையில் திரிசூலம் ஸ்டேஷனுக்கு எதிரிலேயே விமான நிலையம். தாழ்வாக இறங்கும் விமானத்தை யார் முதலில் பார்ப்பது என்று போட்டி வைக்கலாம். கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931-ல். ``உங்க கொள்ளுத் தாத்தா காலத்து ரூட்டு'' என்று சொன்னால் கேள்விகள் தானாக வரும்.

மெட்ரோ வேறு ரகம். நீல வழித்தடத்தில் சைதாப்பேட்டை வரை பூமிக்கு அடியில் வரும் ரயில், சின்னமலைக்கு வருவதற்குள் வெளிச்சத்துக்கு ஏறிவிடும். இருட்டிலிருந்து சட்டென்று வானம் தெரியும் அந்த ஒரு நொடிக்காகவே குழந்தைகள் இன்னொரு முறை போகலாமா என்று கேட்பார்கள்.

எங்கே இறங்கினால் என்ன?

எழும்பூர்: 1851-ல் தொடங்கப்பட்ட அரசு அருங்காட்சியகம். திமிங்கலத்தின் எலும்புக்கூடு முன்னால் நின்றால் எந்தக் குழந்தையும் வாயைப் பிளக்கும். எல்லாக் கூடங்களையும் பார்த்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இரண்டு கூடம் பார்த்தாலே போதும்.

கிண்டி: சிறுவர் பூங்கா, பக்கத்திலேயே பாம்புப் பண்ணை. இரண்டும் அருகருகே இருப்பதால் இதை ஒரே இடமாகக் கணக்கு வைத்துக்கொள்ளலாம். ஸ்டேஷனிலிருந்து நடக்கச் சொல்லிக் குழந்தைகளைக் களைப்பாக்காமல் பஸ்ஸோ ஆட்டோவோ பிடிப்பது நல்லது.

கலங்கரை விளக்கம்: மெரினாவின் தெற்கு முனைக்குப் பறக்கும் ரயிலிலேயே போகலாம். விளக்கின் மேலே ஏற லிஃப்ட் உண்டு.

கோட்டூர்புரம்: மழை நாளுக்கும் வெயில் நாளுக்கும் ஏற்ற இடம். 2010-ல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. அடுத்த லீவில் பிர்லா கோளரங்கத்துக்கும் இதே ஸ்டேஷனில் இறங்கலாம்.

வில்லிவாக்கம்: ரயில் பைத்தியக் குட்டிகளுக்கு ஐ.சி.எஃப் பக்கத்தில் இருக்கும் ரயில் மியூசியம். பழைய இன்ஜின்களைத் தொட்டுப் பார்க்கலாம், குட்டி ரயிலில் சுற்றலாம். 1955-லிருந்து நாட்டுக்கே ரயில் பெட்டிகள் செய்துதரும் தொழிற்சாலை பக்கத்தில்தான் இருக்கிறது என்பதையும் சொல்லிவையுங்கள்.

வண்டலூர்: அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா. முழு நாளை இதற்கே ஒதுக்க வேண்டும், நடை அதிகம். இந்த மிருகக்காட்சி சாலைக்கு ஒரு கதை உண்டு. இது 1855-ல் பிறந்தது எழும்பூர் மியூசியம் வளாகத்தில். பிறகு சென்ட்ரலுக்குப் பக்கத்திலிருந்த பீப்பிள்ஸ் பார்க்குக்கு இடம் மாறியது. 1985-ல்தான் வண்டலூர் வந்தது. சென்ட்ரலுக்கு எதிரில் `பூங்கா' என்று ஒரு ஸ்டேஷன் இருக்கிறதே... அங்கே பூங்காவைக் காணோமே என்று குழந்தை கேட்டால், பதில் இதுதான்.

கிளம்பும் முன் கிழமையைப் பாருங்கள்

பூட்டிய கேட்டின் முன்னால் குழந்தையைச் சமாதானம் செய்வதைவிடக் கஷ்டம் வேறில்லை. ரயில் மியூசியத்துக்கும் கலங்கரை விளக்கத்துக்கும் திங்கள் விடுமுறை. கிண்டி பூங்கா, பாம்புப் பண்ணை, வண்டலூர் மூன்றுக்கும் செவ்வாய். எழும்பூர் மியூசியத்துக்கு வெள்ளி. பண்டிகை சமயத்தில் இது மாறலாம் என்பதால் முதல் நாளே அந்தந்த இணையதளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை புறநகர் ரயில்கள் குறைவு. பராமரிப்புப் பணி என்றால் இன்னும் குறையும். வார நாள் என்றால் காலை பத்தரைக்கு மேல் கிளம்பி, மாலை நான்கரைக்குள் திரும்ப ரயில் ஏறிவிடுவது நிம்மதி. ஆபீஸ் கூட்டத்தில் குழந்தைக்கு மூச்சு முட்டும்.

கதவுதான் கவனிக்க வேண்டிய இடம்

2025 ஏப்ரலில் வந்த ஏ.சி மின்சார ரயிலிலும் மெட்ரோவிலும் கதவு தானாக மூடும். சாதாரண மின்சார ரயில், பறக்கும் ரயில் கதவுகள் ஓடும்போதும் திறந்தேதான் இருக்கும். நிற்கும் நேரமும் கொஞ்சம்தான். அதனால் ஏறும் வரிசையைப் பிளாட்பாரத்திலேயே முடிவு செய்துவிட வேண்டும்.

பெரியவர்கள் இருவர் என்றால், ஒருவர் முதலில் ஏற வேண்டும், அடுத்து குழந்தைகள், கடைசியில் இன்னொருவர். இறங்கும்போதும் இதே வரிசைதான். ஒரே ஒருவர் என்றால் சின்னவரை இடுப்பில் வைத்துக்கொண்டு, பெரியவரை முன்னால் விட்டுப் பின்னாலேயே ஏற வேண்டும். பை தோளில்தான் இருக்க வேண்டும். ஒரு கை எப்போதும் குழந்தைக்கு.

ரயில் நகரத் தொடங்கிவிட்டால் ஓடி ஏறவே கூடாது. அடுத்த ரயில் வரும். இதைக் குழந்தைக்குச் சொல்வதைவிட, பெரியவர்கள் ஒருமுறை செய்துகாட்டினால் போதும்.

12 வயதுக்கு உட்பட்ட மகனும் அம்மாவோடு மகளிர் பெட்டியில் வரலாம். அப்படிப் பிரிந்து ஏறும்போது, இறங்கும் ஸ்டேஷனில் எந்த இடத்தில் சந்திப்பது என்று அப்பாவிடம் முன்பே பேசிவையுங்கள்.

ஒருவேளை தவறிவிட்டால்...

கேட்கவே பயமாக இருக்கும் விஷயம்தான். ஆனால், வீட்டை விட்டுக் கிளம்பும் முன் இரண்டே நிமிடம் பேச வேண்டிய விஷயமும் இதுவே.

குழந்தை ரயிலிலும் பெரியவர் பிளாட்பாரத்திலும் மாட்டிக்கொண்டால், ``பக்கத்துல இருக்கற ஆன்ட்டிகிட்ட சொல்லி அடுத்த ஸ்டேஷன்ல இறங்கு. இறங்கின இடத்துலயே நில்லு. நான் அடுத்த ரயில்ல வந்துடுவேன்'' என்று சொல்லிவையுங்கள். குழந்தை பிளாட்பாரத்திலும் பெரியவர் ரயிலிலும் என்றால், ``நின்ன இடத்தை விட்டு நகராதே.'' விளையாட்டு மாதிரி இரண்டு முறை சொல்ல வைத்தால் மனதில் நின்றுவிடும்.

போன் நம்பரைப் பேனாவால் குழந்தையின் கையில் எழுதுங்கள். கிளம்பியதும் ஒரு போட்டோ எடுங்கள். என்ன கலர் சட்டை என்று பதற்றத்தில் ஞாபகம் வராது, போட்டோ காட்டிவிடும். ரயில்வே உதவி எண் 139. குழந்தைகள் உதவி எண் 1098. இரண்டையும் இப்போதே போனில் சேமித்துவிடலாம்.

பை, பசி, பாத்ரூம்

புறநகர் ரயிலில் கழிப்பறை கிடையாது. வீட்டில் ஒருமுறை, போய்ச் சேர்ந்த இடத்தில் ஒருமுறை, கிளம்பும் முன் ஒருமுறை என்று பழக்கிவிடுங்கள். மாற்று உடை ஒரு செட், தண்ணீர், எலுமிச்சை சாதம், ஒரு பழைய துண்டு... பை அவ்வளவுதான். மெட்ரோவுக்குள் சாப்பிட அனுமதி இல்லை என்பதால் ஏறும் முன்பே பசியாற்றிவிடுவது நல்லது.

தள்ளுவண்டியை மெட்ரோவுக்கு மட்டும் எடுத்துப் போகலாம், அங்கே லிஃப்ட் இருக்கிறது. மற்ற ஸ்டேஷன்களில் படிக்கட்டு ஏறி இறங்க, குழந்தையைக் கட்டித் தூக்கும் பைதான் கை கொடுக்கும். வயதான பாட்டி, தாத்தா கூட வந்தால் அவர்களுடைய முட்டியையும் கணக்கில் வைத்து ஸ்டேஷனைத் தேர்ந்தெடுங்கள்.

ஒரு விஷயம் மட்டும் உறுதி. மியூசியத்தில் பார்த்த சிலையின் பெயர் அடுத்த வாரம் குழந்தைக்கு மறந்திருக்கும். ஜன்னல் ஓரம் யார் உட்கார்ந்தது, சுண்டல் வாங்கித் தந்தது யார் என்பது மறக்காது. பார்க்காமல் விட்ட இடங்கள் எங்கும் போய்விடப் போவதில்லை. அடுத்த லீவுக்கு அவை இருக்கட்டும்!