இரவல் கைவண்ணம்

திருமணம் பேசி முடித்த வீட்டில் மணமகளின் தாயார் முதலில் தேடத் தொடங்கும் ஆட்களுள் மருதோன்றி இடுபவரும் ஒருவர். அவருடைய திறமையை அறிய இன்று உள்ள வழி, அவர் கைபேசியில் காட்டும் படத்தொகுப்பு ஒன்றுதான். அதைப் பார்த்தே முன்பணம் கொடுக்கிறார்கள். வீட்டுக் கூடத்தில் ஆயத்துல் குர்ஸியை எழுதி மாட்ட விரும்பும் குடும்பத் தலைவரும், மிஹ்ராபைச் சுற்றி அரபெழுத்து அணி செய்ய விரும்பும் ஜமாஅத் நிர்வாகியும் இவ்வாறே 'ஆல்பம்' பார்த்துத்தான் ஆளை முடிவு செய்கின்றனர். அந்த ஆல்பத்திலுள்ள படங்களுள் பல, அதைக் காட்டுபவரின் கை தொட்டவையே அல்ல என்பதுதான் நாம் இங்கே எடுத்துப் பேச வந்த செய்தி.

இதைத் திருட்டு என்று சொன்னால் பலருக்குக் கோபம் வருகிறது. "எடுத்தது படம்தானே, பொருள் அல்லவே" என்கிறார்கள். "இப்படிச் செய்து தருவேன் என்று காட்டும் மாதிரிதான் அது" என்கிறார்கள். இன்னும் துணிந்தவர்கள், "இறைவசனம் எல்லோருக்கும் பொது, அதற்கு உரிமையாளர் உண்டா?" என்று மார்க்கத்தையே கேடயமாகப் பிடிக்கிறார்கள். வசனம் பொதுதான், அதில் ஐயமில்லை. ஆனால் அந்த அலிஃபை இத்தனை புள்ளி உயரத்தில் நிறுத்தி, அந்த நூனின் வளைவை இத்தனை ஆழத்தில் இறக்கிய கை பொது அன்று. நாணல் பேனாவின் முனை பதித்த சதுரப் புள்ளியை அளவாகக் கொண்டு எழுத்துகளின் நீள அகலங்களை வகுத்தவர் பக்தாதின் இப்னு முக்லா (886 - 940) என்பர். அந்த அளவுக்குள் கையைப் பழக்கி நிறுத்த ஒருவனுக்குப் பல ஆண்டுகள் பிடிக்கும். அந்த ஆண்டுகளைத்தான் இவர்கள் ஒரு நொடியில் விரலால் தொட்டு எடுத்துக்கொள்கிறார்கள்.

பார்த்து எழுதுவதையே நாம் பழிப்பதாக எவரும் எண்ண வேண்டா. அரபெழுத்துக் கலையே பார்த்து எழுதி வளர்ந்த கலைதான். உஸ்தாது எழுதிக் கொடுத்த வரியைப் பார்த்து எழுதும் 'மஷ்க்' பயிற்சியில்தான் மாணவன் தொடங்குகிறான். துருக்கி உஸ்மானியர் காலத்து மரபில், முன்னோர் ஒருவரின் படைப்பை அவன் அப்படியே எழுதிக் காட்ட, ஆசிரியர்கள் அதன் அடியிலேயே தம் இசைவை எழுதிக் கையொப்பமிடுவார்கள். அதுவே இஜாஸா. அதைப் பெற்ற பிறகுதான் தன் எழுத்தின் கீழ் தன் பெயரை இடும் தகுதி அவனுக்கு வந்ததாகக் கொள்வர். அதன் பின்னும் பிறருடையதைப் பார்த்து எழுதினால், 'எழுதினார்' என்னும் பொருள்படும் 'கதபஹு' என்ற சொல்லை விட்டுவிட்டு, 'பார்த்து எழுதினார்' என்னும் பொருள்படும் 'நகலஹு' என்ற சொல்லை இடும் வழக்கம் இருந்தது. ஒரே சொல்லில் எத்தனை நேர்மை பாருங்கள்! சுல்தான் இரண்டாம் பாயஸீது தம் கருவூலத்திலிருந்த யாகூத் அல் முஸ்தஃஸிமியின் எழுத்துகளை ஷெய்கு ஹம்துல்லாஹ்வுக்குக் கொடுத்து ஆராயச் செய்தார் என்பது வரலாறு. ஹம்துல்லாஹ்வின் எழுத்தைப் பார்த்துப் பழகித்தான் பின்னாளில் ஹாபிஸ் உஸ்மான் (1642 - 1698) உருவானார். யாரும் யாருக்கும் கடன்பட்டதை மறைக்கவில்லை.

நம் தமிழுக்கும் இது புதிதன்று. முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்று நூல்களைப் பகுத்தது நன்னூல். சிறப்புப்பாயிரம் உரைக்க வேண்டியவை எவை என்று எண்ணும்போது, ஆக்கியோன் பெயரை முதலிலும், அந்நூல் வந்த வழியை அதற்கடுத்தும் வைத்தது. வழிநூல் செய்வது இழிவென்று அது சொல்லவில்லை. வழியைச் சொல் என்றது.

இந்த வழக்கில் எதிர்த்தரப்பார் சான்றுக்கு அழைக்கக்கூடிய பெரியவர் ஒருவர் உண்டு. அவர் இப்னுல் பவ்வாப். ஷீராஸில் பஹாவுத் தவ்லாவின் நூலகத்தைக் கவனித்து வந்தபோது, இப்னு முக்லா முப்பது பாகங்களாக எழுதிய குர்ஆனில் இருபத்தொன்பதைக் கண்டெடுத்தார். ஒன்று கிடைக்கவில்லை. அந்த ஒன்றைத் தாமே எழுதி முடித்து, பொன்வேலைக்குப் பழைய நிறம் ஏற்றி, வேறொரு பாகத்தின் பழைய அட்டையைக் கழற்றி இதற்குப் பூட்டினார். ஓராண்டு கழித்து மன்னர் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தும் எது புதியது என்று காண முடியவில்லை. வாக்களித்த பரிசு வராமற் போகவே, நூலகத்தில் கிடந்த எழுதாத சீனத் தாள்களைக் கேட்டு வாங்கிக்கொண்டார். இப்னுல் பவ்வாப் தாமே சொன்னதாக யாகூத் அல் ஹமவி இந்நிகழ்ச்சியைப் பதிந்திருக்கிறார்.

அந்தத் தொகுதியைப் பின்னாளில் பார்த்தவர்கள் ஏமாந்திருப்பார்கள் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் இங்கே நடந்தது என்ன? மன்னரின் இசைவோடு, தம் உழைப்பைப் பிறர் பெயருக்குக் கொடுத்தார். நம் ஆல்பக்காரர்கள் பிறர் உழைப்பைத் தம் பெயருக்கு எடுக்கிறார்கள். இரண்டும் எதிரெதிர்த் திசைகள். மேலும் அவர் எழுதினார் ஐயா! இவர்கள் எழுதவுமில்லை. தம் பெயரில் எழுதும்போது அதே இப்னுல் பவ்வாப் எப்படி நடந்துகொண்டார் என்பதை அயர்லாந்தின் டப்ளின் நகரத்துச் செஸ்டர் பீட்டி நூலகத்திலுள்ள குர்ஆன் பிரதியில் இன்றும் காணலாம். எழுதியவர் பெயரும் பக்தாத் நகரும் ஹிஜ்ரி 391 என்ற ஆண்டும் அதில் ஒழுங்காக உள்ளன.

மருதோன்றிக்கு வருவோம். அங்கே பாதிப்பு இன்னும் கூர்மையானது. இத்தொழிலில் இருப்போருள் பலர் வீட்டிலிருந்தே சம்பாதிக்கும் பெண்கள். அவர்களுக்குக் கடை இல்லை, பெயர்ப்பலகை இல்லை. தம் முகத்தை விளம்பரத்தில் போட விரும்பாதவர்களும் உண்டு. அவர்களுடைய வேலையின் படங்களே அவர்களுடைய கடை. இரவெல்லாம் குனிந்து உட்கார்ந்து மணமகளின் இரு கைகளிலும் முழங்கை வரை ஒருத்தி வரைந்ததை, மூலையிலிருந்த அவள் பெயரை வெட்டிவிட்டு மற்றொருத்தி தன் ஆல்பத்தில் ஏற்றுகிறாள். போன வேலை போகட்டும். அடுத்து ஒரு குடும்பம் விசாரிக்கும்போது உரியவளே அந்தப் படத்தைக் காட்டினால், "இதை வேறொருவரிடம் பார்த்தோமே!" என்று அவளைத்தான் ஐயத்தோடு நோக்குகிறார்கள். ஏமாற்றி முன்பணம் வாங்கப்பட்ட மணவீட்டாரின் நிலையோ சொல்லத் தரமன்று. நிக்காஹ் நாளுக்கு முந்திய இரவில் கோடுகள் கலங்கிக் கிடக்கும் கையைக் கழுவிவிட்டு மறுமுறை வரைய முடியுமா? சாயம் ஏறினால் ஏறியதுதான்.

செய்யாத செயலுக்காகப் புகழப்பட விரும்புவோரைக் கண்டிக்கும் வசனம் ஆலு இம்ரான் அத்தியாயத்தில் உள்ளது. அதையே அழகாக எழுதித் தருவதாகப் பிறர் எழுதிய படத்தைக் காட்டி விலைபேசுவோரை என்னென்பது!

சட்டமும் வாய்மூடி இருக்கவில்லை. நம் நாட்டின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு, உரிமையை விற்றுவிட்ட பின்னரும் 'இது என் படைப்பு' என்று சொல்லும் உரிமையைப் படைத்தவரிடமே விட்டுவைக்கிறது. கலைப் படைப்புக்கான பதிப்புரிமை, படைத்தவர் மறைந்து அறுபது ஆண்டுகள் வரை நீடிக்கிறது. அந்தக் காலம் கடந்த பழைய எழுத்தை யாரும் அச்சிடலாம் என்பது உண்மையே. 'நான் எழுதியது' என்று சொல்லிக்கொள்ளும் அனுமதி அதில் எங்கே இருக்கிறது?

ஒரு வழக்கு மட்டும் சற்றுச் சிக்கலானது. ஒரு நிறுவனத்தில் சம்பளத்துக்கு வேலை பார்த்து, அழைப்பிதழ்களும் பெயர்ப்பலகைகளும் வடிவமைத்தவர் வெளியே வந்து தனித் தொழில் தொடங்குகிறார். வேறு ஒப்பந்தம் இல்லாதவரை அவ்வேலைகளின் பதிப்புரிமை முதலாளிக்கே உரியது. அதற்காக, தம் கை செய்ததைச் சொல்ல இவருக்கு நாவில்லையா? உண்டு. நிறுவனத்தின் இசைவைக் கேட்டு, இன்ன நிறுவனத்தில் இருந்தபோது செய்தது என்று எழுதி, ஐவர் கூடிச் செய்ததானால் தம் பங்கு எது என்பதையும் குறித்துக் காட்டட்டும். எழுத்து ஒருவர், பொன்வேலை ஒருவர், சட்டம் ஒருவர் என்று பிரித்துச் சொல்வதில் என்ன குறைந்துவிடும்? முதலாளிமாரும், பத்து உதவியாளர்கள் செய்ததைத் தம் ஒருவர் பெயரால் மட்டும் மாட்டி வைக்கும் வழக்கத்தை இதே தராசில் நிறுத்துப் பார்க்க வேண்டும். இதைச் சொன்னால் அவர்களுக்குக் கசக்கும் என்பது நமக்குத் தெரியாததன்று.

"உரியவர் பெயரைச் சொன்னால் வாடிக்கை அவரிடமே போய்விடுமே" என்பது கடைசியாக மிஞ்சும் வாதம். போனால் போகட்டும், அந்த வாடிக்கை அவரைத் தேடி வந்ததுதான். வேலை தருகிற குடும்பங்கள் முன்பணத்தை நீட்டுமுன் ஒன்று கேட்கலாம்: "இவற்றுள் உங்கள் கையால் ஆனவை எவை?" கேட்டுவிட்டு, ஒரு தாளையும் பேனாவையும், அல்லது மருதோன்றிக் கூம்பு ஒன்றையும் எதிரே வைத்து, ஒரு சிறு வரியோ ஒரு பூவோ போட்டுக் காட்டச் சொல்லலாம். அதற்குப் பத்து நிமிடம் போதும்.