காட்சியா, கானமா?

வேடமும் நடிப்புமின்றிப் பாடப்படும் பரோக் கால இசைநாடகம் அரைகுறைப் படைப்பே எனச் சிலர் அடித்துப் பேசுகின்றனர். வரலாறு அவ்வாறு கூறவில்லை. ஹேண்டலின் ‘செமெலி’ 1744 பிப்ரவரி 10 அன்று இலண்டன் கோவன்ட் கார்டன் அரங்கில் முதன்முதலாக ஒலித்தபோதே அங்குக் காட்சியமைப்பும் இல்லை, நடிப்பும் இல்லை. பல்லாண்டு இத்தாலிய மொழியில் இசைநாடகம் படைத்தவர், அவையோர்க்கு விளங்கும் ஆங்கிலத்தில், காங்கிரீவின் சொற்களுக்கு இசையமைத்தார். அத்தகைய மேடையில் கதையைச் சுமப்பவை சொல்லும் இசையுமே.

ஆகவே, குறை காண்போர் ஆடையணியைத் தேட வேண்டா. சொற்களை விழுங்கிப் பாடுவோரைக் கடியட்டும். ஆங்கிலம் அறிந்த அவைக்கே ஆங்கிலச் சொல் விளங்காவிடில் அது யார் குற்றம்?

காதலன் ஜூபிடரின் தெய்வ வடிவைக் கண்ணாற் கண்டே தீருவேன் என அடம்பிடித்த செமெலி எரிந்து மாண்டாள். கண்ணுக்கு விருந்து கேட்போர் அக்கதையையேனும் செவிகொடுத்துக் கேட்கட்டும்!