கல்லாவில் நிற்காத சில்லறை

முன்பெல்லாம் இரவு கடை கட்டும்போது கல்லாவின் அடியில் கிடக்கும் சில்லறையைத் தனியே ஒரு டப்பாவில் போட்டு வைப்போம். இப்போது 43 ரூபாய்க்குச் சரக்கு வாங்குபவர் செல்போனில் 43 ரூபாயையே அனுப்பிவிடுகிறார். நாமும் அப்படித்தான் செலவு செய்கிறோம். மிச்சம் என்று எதுவும் கையில் நிற்பதில்லை.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். காய்கறி 43 ரூபாய் என்றால் நோட்டில் 50 என்று எழுதி, 7 ரூபாயை உண்டியலில் போட்டுவிடுவோம். 88 என்றால் 90. நாளைக்கு ஐந்து செலவு இருந்தால் சுமார் 22 ரூபாய் சேரும். வருடத்துக்கு 8,000 ரூபாய். மாதாமாதம் எடுத்து அஞ்சலகத் தொடர் வைப்பில் கட்டலாம். 100 ரூபாயிலிருந்தே வாங்கிக்கொள்கிறார்கள்.

ஆனால் இதெல்லாம் நம் வீட்டுச் செலவில்தான், வாடிக்கையாளர் பில்லில் அல்ல. மீதி 2 ரூபாய்க்கு மிட்டாயை நீட்டுவதைச் சேமிப்பு என்று சொல்ல நாக்கு கூசுகிறது.

சிறுகச் சேர்ப்பது நம் தொழிலுக்குப் புதிதா? மூட்டைக்கு இவ்வளவு என்று ஒதுக்கிய மகமைப் பணத்தில்தான் விருதுநகரில் சத்திரிய வித்யாசாலா பள்ளி எழுந்தது. ஊருக்கு ஒதுக்கத் தெரிந்த நாம் வீட்டுக்கு ஒதுக்குவதில்லை. ஐப்பசி மழையில் வியாபாரம் படுத்தால் உடனே தண்டல்காரரைத் தேடுகிறோம். எங்களிடம் சரக்கெடுக்கும் மளிகைக்காரர் ஒருவர் 10,000 ரூபாய்க்கு எழுதிக் கொடுத்து 9,000 வாங்கி வந்தார். தினம் 100 வீதம் 100 நாள் கட்டினார். முதலிலேயே பிடித்துக்கொண்ட அந்த 1,000 ரூபாய், உண்டியல் கணக்கில் 45 நாள் சேர்ப்பு.