கேமராவுக்கு நேர்மை தெரியாது

ஆன்லைன் பட்டப்படிப்பு பற்றிய எந்தக் கருத்தரங்குக்குப் போனாலும் இந்தப் பேச்சு காதில் விழுகிறது: “மாற்றுத்திறனாளிகளுக்கு வசதி செய்து தரலாம்தான். ஆனால் கொஞ்சம் தளர்த்தினாலும் காப்பியடிப்பது பெருகும், பட்டத்துக்கு மதிப்பு போய்விடும்.” பல ஆண்டுகளாகக் கேட்டுச் சலித்துவிட்டது. இதில் ஒரு வாதமும் நிற்காது.

முதலாவது, கூடுதல் நேரம் மற்றவர்களுக்கு அநீதியாம். ஒவ்வொரு மணி நேரத் தேர்வுக்கும் குறைந்தது 20 நிமிடம் கூடுதலாகத் தர வேண்டும் என்று மத்திய அரசு 2018இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. அது ஈடுகட்டும் நேரம், இனாம் அல்ல.

இரண்டாவது, சொல்வதை எழுதுபவரை அனுமதித்தால் முறைகேடு நடக்குமாம். 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்குப் பதில் சொல்லிவிட்டது: சிலர் தவறாகப் பயன்படுத்தக்கூடும் என்பதற்காக, தேவைப்படுகிறவர்களுக்கு அதை மறுக்கக் கூடாது.

மூன்றாவது, கேமராக் கண்காணிப்புதான் நேர்மையைக் காக்கிறதாம். என்னால் பொறுக்கவே முடியாத வாதம் இதுதான். பார்வையற்ற மாணவி ஒருத்தி தேர்வுக்கு உட்காருகிறாள் என்று வையுங்கள். என்விடிஏ என்ற திரைவாசிப்பான் வினாவை வாசிக்கும். அதைக் கேட்க ஹெட்போன் வேண்டும். ஹெட்போனுக்குத் தடை. ஸ்பீக்கரில் வைத்தால், அறையில் வேறு யாரோ பேசுவதாகப் பதிவாகிறது. விழிகள் திரையில் நிலைக்கவில்லை என்று இன்னொரு சந்தேகக் குறி. கணினியைப் பூட்டும் பிரௌசர் திரைவாசிப்பானையே முடக்கிவிட்டால் அவளுக்குத் தேர்வே இல்லை. வினாவிலுள்ள வரைபடத்துக்கு விளக்கம் எழுதப்படவில்லையா? மிஞ்சினால் ‘கிராபிக்’ என்ற ஒற்றைச் சொல்தான் காதில் விழும். ஒரு வரிகூடக் காப்பியடிக்காதவள் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்கிறாள். கேமராவுக்கு எட்டாத இடத்தில் கைப்பேசியை வைத்துக்கொண்டவன் நிமிர்ந்து உட்கார்ந்து தப்பிவிடுகிறான். நேர்மையைக் காப்பது இதுதானா?

பாடத்திட்டத்திலும் தேர்வு முறையிலும் தகுந்த மாற்றம் செய்யச் சொல்வது 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். அதை நிறைவேற்றுவது யாருடைய பெருந்தன்மையும் அல்ல. காப்பிக்கு உண்மையில் வழி திறப்பது இந்த மாற்றங்கள் அல்ல; ஆண்டுதோறும் திரும்ப வரும் அதே ‘சரியான விடையைத் தேர்ந்தெடு’ வினாக்கள். புத்தகத்தைத் திறந்து வைத்தாலும் யோசித்தால்தான் எழுத முடியும் என்ற வினாவைக் கேட்டால், பாதிக் கண்காணிப்பு தேவைப்படாது.

பாடம் தயாரிக்கும் பேராசிரியர்களே, என்விடிஏ இலவசமாகவே கிடைக்கிறது. அடுத்த வினாத்தாளை வெளியிடுமுன் திரையை அணைத்துவிட்டு ஒருமுறை காதால் கேட்டு விடை எழுதிப் பாருங்கள். உங்களாலேயே எழுத முடியாத தேர்வை வைத்து ஒரு மாணவியின் நேர்மையை அளக்காதீர்கள்.