நிற்பவளுக்கு நடைப் பாடமா?

“உட்கார்ந்தே இராதீர்கள், வேலை நேரத்திலும் எழுந்து நடங்கள், உடலை அசையுங்கள்!” என்று நிர்வாகங்கள் உபதேசம் செய்கின்றன. யாருக்கு? நாற்காலியில் நாள் முழுதும் அடைந்து கிடக்கும் குமாஸ்தாவுக்கு என்றால் நியாயம்தான். லண்டன் மாடி பஸ் ஊழியரைப் பற்றி 1953-ல் வெளிவந்த ஆராய்ச்சியில், உட்கார்ந்தே ஓட்டிய டிரைவரைவிடப் படியேறி இறங்கிய கண்டக்டருக்கு இருதய நோய் குறைவு என்று டாக்டர்கள் கண்டார்கள். இதை நாம் மறுக்கவில்லை.

ஆனால் ஷிப்டு முழுவதும் ரிங் பிரேமைச் சுற்றிச் சுற்றி நடந்து, அறுந்த இழையைப் பிணைக்கும் பெண்ணுக்குமா இந்தப் பாடம்? இடுப்பொடியக் குனிந்து நாற்று நடுகிறவளுக்குமா? அவர்களுக்கு வேண்டியது உட்கார ஒரு பலகை! நின்று வேலை செய்வோருக்கு உட்கார வசதி வேண்டுமென்று 1948-ம் ஆண்டு பாக்டரி சட்டமே சொன்னது. கடைச் சிப்பந்திகளுக்குத் தமிழ்நாட்டில் அந்த உரிமை 2021-ல்தான் சட்டமாயிற்று. இரண்டே வருஷத்தில், 2023-ல், 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா சட்டசபையில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்த பிறகே வாபஸாயிற்று. 12 மணி நேரம் நின்ற கால் எந்த மைதானத்துக்குப் போகும்?

தொழிலாளியின் உடம்பில் அக்கறையிருந்தால், ஆளுக்குக் கட்டும் சைடுகளைக் குறைக்கட்டும். இடைவேளையை முழுதாகக் கொடுக்கட்டும். மிஷின் பக்கத்தில் பெஞ்சு போடட்டும். உடற்பயிற்சியை நாம் பார்த்துக் கொள்வோம்!